ஒன்பதாவது கட்டம்

பெரியகண்ணு வந்த பிறகு பொருளறிவியல் துறை வராந்தாவில் யாரும் அழுததில்லை.

அதற்கு முன் வாரத்துக்கு இரண்டு அழுகையாவது நிச்சயம். ஆராய்ச்சி மாணவர்கள் எட்டு மாதம் காய்ச்சி, வடிகட்டி, உலையில் சுட்டு ஒரு சிட்டிகைத் தூளைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவருவார்கள். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், இதழ் இதழாக விரிந்திருக்கும் என்று நினைத்தது சாணி உருண்டை மாதிரி கிடக்கும். வழிகாட்டிப் பேராசிரியரிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? வராந்தாவில் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்து அழுவார்கள். அழுது முடித்ததும் எல்லாரும் போய் நிற்கிற வாசல் ஒன்றுதான், கோமதியக்காவின் வாசல்.

கோமதி அந்த நுண்ணோக்கியை இயக்கும் தொழில்நுட்ப அலுவலர். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. ஐம்பத்துமூன்று வயது, அதில் இருபத்துநான்கு அந்த ஏசி அறையின் குளிரில் போனது. ஆள் கொஞ்சம் சிடுசிடுப்பு. ஆனால் ஒரு பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றுவிட்டால் போச்சு, சிடுசிடுப்பெல்லாம் எங்கே போகுமோ தெரியாது.

"அக்கா, நீங்க இன்னொரு தடவ பாருங்கக்கா. உங்க கைராசிக்கு ஏதாவது கிடைக்கும்."

"கைராசியாம் கைராசி! போய் மூஞ்சியக் கழுவிட்டு வாட்டி" என்பாள். ஆனால் அடுத்த அரைமணி நேரம் குமிழைத் திருகிக்கொண்டே இருப்பாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம் மேலே. திடீரென்று திரையில் ஒரு நல்ல இடம் வந்து நிற்கும். இதழ் இதழாக, பாடப்புத்தகத்தில் போட்டது மாதிரி. டக்கென்று ஒரு படம். பிள்ளை சிரித்துவிடும். பட்டம் வாங்கும்போது ஆய்வேட்டின் நன்றியுரையில் முதலில் கடவுள், அடுத்து வழிகாட்டி, மூன்றாவது கோமதியக்காவின் கைராசி. அப்படி முந்நூற்றுப் பன்னிரண்டு ஆய்வேடுகள் அவளிடம் இருந்தன. வெளியே சொல்லிக்கொள்ள மாட்டாள், ஆனால் எண்ணி வைத்திருந்தாள்.

பிறகுதான் பெரியகண்ணு வந்து இறங்கியது. அதற்குக் கம்பெனி வைத்த பெயர் நீளமானது, யார் வாயிலும் நுழையவில்லை. பிள்ளைகள் பெரியகண்ணு என்றார்கள். அதுவரை பெயரே இல்லாமல் உழைத்துக் கிடந்த பழைய நுண்ணோக்கிக்கு அன்றோடு சின்னக்கண்ணு என்று பெயர் வந்தது, ஓய்வும் வந்தது.

துறைத்தலைவர் பேராசிரியர் தங்கப்பழம், மாலை போட்ட இயந்திரத்துக்கு முன்னால் நின்று கோமதிக்கு விளக்கினார். "இதுக்கு ஆளே வேண்டாம் கோமதி. மாதிரிய உள்ள வச்சா போதும். தானாப் பாக்கும், தானாப் படம் எடுக்கும், தானாச் சான்று எழுதி அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்பிரும். ஒரு மனுஷக் கை படாது. எல்லாத் தப்பும் எங்க வருது? கை பட்டுத்தான வருது?"

"எதைப் பாக்கணும்னு அதுக்கு எப்படி சார் தெரியும்?"

"அதான் சீட்டு இருக்கே!"

சீட்டு என்றால் மாதிரியோடு கொடுக்கும் விண்ணப்பச் சீட்டு. பதினொரு கட்டம். பெயர், துறை, காந்தம் ஒட்டுமா ஒட்டாதா என்றெல்லாம் போய், ஒன்பதாவது கட்டத்தில் 'எதிர்பார்க்கும் முடிவு' என்று இருக்கும். யார் எந்தக் காலத்தில் வைத்தார்களோ. கோமதி அந்தக் கட்டத்தைப் படித்ததே இல்லை, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாலே போதும். பெரியகண்ணுக்கு முகம் தெரியாது. அது சீட்டைப் படித்தது. ஒன்பதாவது கட்டத்தில் 'இதழ் வடிவம்' என்று எழுதினால், மாதிரியின் மூலை முடுக்கெல்லாம் துழாவி இதழ் வடிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தது. 'உருண்டை' என்றால் உருண்டை. கோடிக்கணக்கான துகளில் ஒன்றுகூடவா நாம் நினைத்த மாதிரி இல்லாமல் போகும்?

துறைக்கு நல்ல காலம் பிறந்தது. போட்ட கட்டுரையெல்லாம் வெளியானது. அழுகை நின்றது. இனிமேல் 'கைபடாச் சான்று' மட்டுமே செல்லும், மனிதர் எடுத்த படம் செல்லாது என்று தங்கப்பழம் ஒரு விதியைக் கொண்டுவந்தார். மற்ற பல்கலைக்கழகங்களும் அதையே எடுத்துக்கொண்டன.

"அப்ப நான் என்ன சார் செய்ய?" என்று கோமதி கேட்டாள்.

பேராசிரியர் சற்று யோசித்தார். பெரியகண்ணு அறைக்குள் தூசி ஆகாது, செருப்பை வெளியே விட வேண்டும். "வர்றவங்க செருப்புக்கு டோக்கன் குடுங்க. அதும் பொறுப்பான வேலைதான்."

இருபத்துநான்கு வருஷம் நுண்துகள்களைப் பார்த்தவள் செருப்பைப் பார்க்கத் தொடங்கினாள். சின்னக்கண்ணு மட்டும் பக்கத்து அறையில் துணி போர்த்திக் கிடந்தது. ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் வைக்க ஒருத்தியாவது இருந்தாள்.

இதற்கிடையில் அவள் வலது முழங்கால் போனது. குளிரில் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்துவிட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மாடிப்படி ஏறக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்குவாள். அந்த நேரத்தில்தான் தங்கப்பழத்தின் பத்து வருஷக் கனவு பலித்தது. உலோக மூட்டின் மேல் வைரத்துக்கு நிகரான ஒரு கரிப்பூச்சு. ஒரு தடவை வைத்தால் ஆயுசுக்கும் தேயாது. முதலில் பன்னிரண்டு பேருக்கு வைத்துப் பார்க்க மருத்துவமனை ஒப்புக்கொண்டது. பல்கலைக்கழக ஊழியர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்குமே முதல் வாய்ப்பு என்றார் பேராசிரியர். பட்டியலில் ஏழாவது பெயர் கோமதி.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நம் துறையில் செய்த மூட்டு, நம் காலுக்கே! அல்வா வாங்கி எல்லாருக்கும் கொடுத்தாள். டோக்கன் மேஜையில் வைத்து, செருப்பு விட வந்தவர்களுக்கும் கொடுத்தாள்.

அடுத்த புதன்கிழமை அறுவை என்று நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தைய வாரம் வியாழக்கிழமை காலையில், தண்ணீர் கேன் பக்கத்து பெஞ்சில் ஆமினா உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

வராந்தாவில் அழுகைச் சத்தம் கேட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கோமதி டோக்கன் பலகையைப் போட்டுவிட்டு நொண்டிக்கொண்டே ஓடினாள். ஆமினா மேலப்பாளையத்துப் பெண், தங்கப்பழத்தின் மாணவி. அந்தக் கரிப்பூச்சைப் பூசுகிற கை அவளுடையதுதான். அடுத்த மாதம் அவளுக்கு வாய்மொழித் தேர்வு. அதோடு டாக்டர் பட்டம்.

"ஏட்டி, எதுக்கு அழுவுத? பெரியகண்ணுதான் எல்லாம் சரின்னு சான்று குடுத்துட்டே?"

"அதான்க்கா பயமா இருக்கு." ஆமினா கைக்குட்டையை விரித்துக் காட்டினாள். அதில் மை சிந்தினது மாதிரி கறுப்பாகப் பொடி. "மூட்டோட சேத்துச் சோதனைக்குன்னு பூசின சின்ன உலோக வில்லை ஒண்ண நேத்து தண்ணியில போட்டுக் குலுக்கிக் கழுவினேன். அடியில இது தங்கிட்டு. பூச்சு உதிருதுக்கா. சார்ட்ட சொன்னேன். சான்றப் பாரு, விரிசல் சுத்தமா இல்லன்னு போட்டிருக்குன்னு அனுப்பிட்டாவ."

"சீட்டுல ஒம்பதாவது கட்டத்துல என்ன எழுதின?"

"'விரிசல் இல்லை'ன்னு எழுதினேன். சார் சொல்லித்தான்."

கோமதிக்குத் தன் முழங்கால் ஞாபகம் வந்தது. கறுப்புப் பொடி உள்ளே உதிர்ந்தால் என்ன ஆகும்? நடக்க நடக்க மூட்டுக்குள் மணலைப் போட்டு அரைக்கிற கதைதான். பன்னிரண்டு பேர். ஏழாவது நான்.

"எந்திரி. வில்லைய எடுத்துட்டு வா" என்றாள்.

இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். கோமதி தனக்குத்தானே ஒரு டோக்கன் கிழித்துக்கொண்டாள், விதி விதிதானே. ஆமினா வில்லையை உள்ளே வைத்தாள். சீட்டின் ஒன்பதாவது கட்டத்தைக் கோமதி காலியாக விட்டாள்.

"ஒன்பதாவது கட்டம் நிரப்பப்படவில்லை. எதிர்பார்ப்பு இன்றி நோக்க இயலாது" என்றது பெரியகண்ணு. அதற்குச் செந்தமிழ்தான் வரும். பல்கலைக்கழகக் குழு ஒன்று ஆறு மாதம் உட்கார்ந்து அதற்குப் பேசக் கற்றுக்கொடுத்திருந்தது.

"பாத்தியா, நம்ம சாருக்கேத்த மிஷினு" என்று முணுமுணுத்துக்கொண்டே கோமதி 'விரிசல் உண்டு' என்று எழுதினாள். நாற்பது நிமிடம் பெரியகண்ணு துழாவியது.

"வருந்துகிறேன். படம் எடுக்கத் தகுந்த இடங்களில் விரிசல் இல்லை."

ஆமினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப நிஜமாவே இல்லையோக்கா? நான்தான் தப்பாப் புரிஞ்சிக்கிட்டனோ?"

ஒரு சொல் கோமதியின் காதில் உறுத்திக்கொண்டிருந்தது. "படம் எடுக்கத் தகுந்த இடம்னா? தகாத இடம்னு ஒண்ணு இருக்கோ?"

"உண்டு. இம்மாதிரியில் நூற்றுக்கு அறுபத்தொரு பங்கு தகாத இடம்."

"அங்க என்ன இருக்கு?"

"அறியேன். தகாத இடத்தைக் கடந்து செல்லவே கற்றுள்ளேன்."

"யாரு அப்படிக் கத்துக்குடுத்தா?" கோமதியின் குரல் உயர்ந்தது. "எந்தக் கூறுகெட்ட பய கத்துக்குடுத்தான்? கம்பெனிக்காரனா?"

"இல்லை. என் ஆசிரியர் ஒருவரே. க. கோமதி, தொழில்நுட்ப அலுவலர். இருபத்துநான்கு ஆண்டுகளில் அவர் எடுத்த இரண்டு லட்சத்துப் பதின்மூவாயிரத்து நானூற்று ஆறு படங்கள். அவற்றோடு, எந்த இடத்தில் நின்றார், எந்த இடத்தைத் தாண்டினார் என்னும் குமிழ்ப் பதிவுகள். அவருடைய தேர்வுத் திறன் முழுவதையும் பெற்றுள்ளேன்."

ஆமினா கோமதியின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

கோமதிக்கு உடம்பெல்லாம் கூசியது. அவள் ஒரு பொய்ப் படம் எடுத்ததில்லை, ஒரு படத்தைத் திருத்தியதும் இல்லை. எடுத்ததெல்லாம் உள்ளே நிஜமாக இருந்த இடம்தான். ஆனால் அந்த நல்ல இடத்துக்குப் போகும் வழியில் எத்தனை விரிசல், எத்தனை ஓட்டை, எத்தனை சாணி உருண்டையைப் பார்த்திருப்பாள்! பார்த்தவுடன் கை தானாகக் குமிழைத் திருகிவிடும். விரிசலை யார் கேட்டார்கள்? இருபத்துநான்கு வருஷத்தில் ஒரு பிள்ளையாவது, ஒரு பேராசிரியராவது, 'அக்கா, கெட்டுப்போன இடத்தை ஒரு படம் எடுங்க' என்று கேட்டதுண்டா? கேட்காததை அவளும் எடுக்கவில்லை. பாவம் பிள்ளைகள் என்று நினைத்தாள். அந்தப் பாவத்தையும் புண்ணியத்தையும் மூட்டை கட்டி மிஷின் தலையில் ஏற்றியிருக்கிறார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

"அடப்பாவி, நானா?" என்றாள் மெதுவாக. அது கேள்வி என்று பெரியகண்ணுக்குத் தோன்றவில்லை போலும்.

வெள்ளிக்கிழமை காலையில் சின்னக்கண்ணின் போர்வையை இருவரும் இழுத்துப் போட்டார்கள். தூசி பறந்தது. உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் பம்ப்பு உறிஞ்சி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை கோமதி முழங்காலை அழுத்திவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு குமிழில் கை வைத்தாள்.

முதல் இடத்திலேயே விரிசல். சித்திரை மாதக் குளம் மாதிரி பாளம் பாளமாக வெடித்து, ஓரமெல்லாம் சுருண்டு கிடந்தது. பார்த்த மாத்திரத்தில் அவள் கை குமிழைத் திருகிவிட்டது. விரிசல் திரையை விட்டுப் போய், வழவழவென்று ஒரு நல்ல இடம் வந்து நின்றது.

"அக்கா!" என்றாள் ஆமினா.

"தெரியுதுட்டி, தெரியுது. கை கேக்க மாட்டேங்கு." கோமதி இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு விரிசலுக்குத் திரும்பினாள். படம் எடுத்தாள். அவள் ஆயுளில் எடுத்த முதல் விரிசல் படம். பிறகு மேலும் முப்பத்தொன்பது எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் கை நகரப் பார்த்தது.

மத்தியானம் நாற்பது படத்தையும் தங்கப்பழத்தின் மேஜையில் பரப்பினாள். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். முகம் கொஞ்சம் வெளிறியது. ஆனால் அவர் பேராசிரியர். சமாளித்துக்கொண்டார்.

"இது கைபட்ட படம் கோமதி. செல்லாது."

"செல்லுமா செல்லாதான்னு கேக்கல சார். இருக்கா இல்லையான்னு பாருங்க."

"நீங்க மூட்டு வலியில இருக்கீங்க. பயம் வர்றது சகஜம்தான். பயத்தோட பாத்தா எல்லாம் விரிசலாத்தான் தெரியும்."

"அப்ப ஆசையோட பாத்தா?"

தங்கப்பழம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் தணிந்தது. "நீங்க என்னை மோசக்காரன்னு நினைக்கீங்க. அந்தப் பட்டியல்ல எட்டாவது பேரு யாருன்னு பாத்தீங்களா? சுகந்தி. என் சம்சாரம். நம்பாமலா அவ பேரை எழுதுவேன்?"

கோமதிக்கு அதுதான் தூக்கிவாரிப்போட்டது. மோசக்காரனாக இருந்தால் சண்டை போடலாம். இந்த மனுஷன் மனசார நம்புகிறார். இவருடைய முதல் கட்டுரைக்கு, இருபது வருஷத்துக்கு முன்னால், வழவழவென்று ஒரு நல்ல இடம் தேடிக் கொடுத்தது யார்? அன்றைக்கும் பக்கத்தில் விரிசல் இருந்ததா? இருந்திருக்கும். அவளுக்கு ஞாபகம் இல்லை. தாண்டிப் போன இடம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

"நான்தான் சார் உங்களைக் கெடுத்தேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அவருக்குப் புரியவில்லை.

சாயங்காலம் நான்கு மணிக்கு அவளும் ஆமினாவும் மறுபடி பெரியகண்ணு முன்னால் நின்றார்கள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அது பாடம் படிக்கும். அந்த வாரம் ஆசிரியர் புதிதாகப் படம் ஏதாவது சேர்த்திருந்தால் கற்றுக்கொள்ளும். இரண்டு வருஷமாக யாரும் எதையும் சேர்க்கவில்லை. செருப்பு டோக்கன் கொடுக்கிறவள்தான் ஆசிரியர் என்று பல்கலைக்கழகத்தில் யாருக்கும் நினைவில்லை, அதனால் ஆசிரியர் இடத்திலிருந்து அவள் பெயரை நீக்கவும் இல்லை.

"இந்த நாப்பது படத்தையும் எடுத்துக்க" என்றாள் கோமதி.

"இரண்டு லட்சத்துக்கு நாற்பது மிகச் சிறிது. என் பழக்கம் மாறாது. ஆசிரியர் தம் முந்தைய பாடத்தைத் திருத்துவதாக ஒப்பமிட்டால் மட்டுமே மாறும். காரணமும் எழுத வேண்டும். அது நிலையான பதிவாகும். என் சான்று பெற்ற அனைவருக்கும், தங்களிடம் படம் பெற்ற அனைவருக்கும் அறிவிக்கப்படும்."

ஆமினா அவள் கையைப் பிடித்தாள். "வேண்டாம்க்கா. முந்நூறு பேருக்குப் போகும். எல்லாரும் உங்களத்தான் திட்டுவாங்க. நீங்க பட்டியல்லருந்து பேரை மட்டும் எடுத்திருங்க, போதும்."

கோமதி யோசித்துத்தான் பார்த்தாள். பேரை எடுத்துவிட்டால் தன் முழங்கால் தப்பும். பதினொரு முழங்கால் மிச்சம் இருக்கும். அதில் ஒன்று சுகந்தியுடையது. கல்யாண வீடுகளில் பார்த்திருக்கிறாள், நல்ல மாதிரிப் பெண். அதையும் தாண்டிப் போகலாம். தாண்டிப் போவதில் அவளுக்கு இருபத்துநான்கு வருஷப் பழக்கம்.

"ஒனக்கும்தான அடுத்த மாசம் பட்டம்? அது போயிருமேட்டி."

"போகுதுன்னா போகட்டும்" என்றாள் ஆமினா. சொல்லும்போதே அழுதாள்.

காரணம் எழுத வேண்டிய இடத்தில் கோமதி நீளமாக எழுத நினைத்தாள். பிள்ளைகளின் கண்ணீர், எட்டு மாத உழைப்பு, யாரும் கேட்காதது, எல்லாவற்றையும். கடைசியில் இவ்வளவுதான் எழுதினாள்: 'விரிசலைப் பார்த்தேன். தாண்டிப் போனேன்.' கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை காலை வில்லையை மறுபடி உள்ளே வைத்தபோது ஆமினா சீட்டோடு விழித்தாள். "ஒம்பதாவது கட்டத்துல என்னக்கா எழுத? 'விரிசல் இல்லை'ன்னா அது நல்ல இடமாத் தேடும். 'உண்டு'ன்னா விரிசலை மட்டும் தேடும். நீ கேட்டதைக் குடுத்திருக்குன்னு சார் சொல்லிருவாவ."

கோமதி பேனாவை வாங்கினாள். கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு 'தெரியாது' என்று எழுதினாள்.

பெரியகண்ணு நின்றுவிட்டதோ என்று ஆமினா பொத்தானைப் பார்த்தாள்.

"ஏற்றுக்கொள்ளப்பட்டது. இதுவரை வந்த ஒன்பதாயிரத்து நூற்று ஏழு சீட்டுகளில் இவ்விடை ஒருமுறையும் வரவில்லை. முழு மாதிரியையும் நோக்க வேண்டியுள்ளது. மூன்று மணி நேரம் ஆகும்."

மூன்று மணி நேரத்துக்குப் பின் சான்று வந்தது. நூற்றுக்கு அறுபத்தொரு பங்கு விரிசல், பூச்சு உதிரும், உடலுக்குள் வைக்கத் தகாது. வந்த சான்று நிற்கவும் இல்லை. நேராக மருத்துவமனைக்குப் போய்விட்டது. தங்கப்பழம் எங்கெங்கோ போன் போட்டுப் பார்த்தார். நிறுத்த முடியவில்லை. மனிதக் கை படக்கூடாது என்று விதி எழுதியவர் அவரேதான்.

அறுவைகள் ரத்தாயின. பன்னிரண்டு பேரும் பழைய மூட்டோடே வீட்டில் இருந்தார்கள். அதில் ஒன்பது பேர் கோமதியைத் திட்டினார்கள்.

பெரியகண்ணு இப்போது கெட்ட இடத்தையும் சேர்த்தே காட்டியதால் வராந்தாவில் அழுகை திரும்பி வந்தது. பெஞ்சு போதவில்லை, இரண்டாவது பெஞ்சு போட்டார்கள். அறிவிப்புப் போய்ச் சேர்ந்த பழைய மாணவர்கள் எங்கெங்கிருந்தோ போன் செய்தார்கள். ஒருத்தன் பெரிய கல்லூரியில் முதல்வர். "உங்களை நம்பித்தானக்கா இருந்தோம்" என்றான். முந்நூற்றுப் பன்னிரண்டு ஆய்வேட்டில் அவள் கையைப் புகழ்ந்து எழுதியிருந்தவர்களில் இங்கேயே வேலை பார்த்தவர்கள், இப்போது அவள் வருகிற நேரம் பார்த்து வேறு படிக்கட்டில் போனார்கள். இருபத்துநான்கு வருஷம் நல்ல இடமாகக் காட்டிய கை கைராசிக்கை. நாற்பது படம் உள்ளதை உள்ளபடி எடுத்த கை ராசி கெட்ட கை. பெரியகண்ணு அறைக்கு யாரோ எலுமிச்சம்பழம் கட்டினார்கள். டோக்கன் மேஜைக்கும் சேர்த்தே கட்டினார்கள். கோமதி இரண்டையும் பிடுங்கி, ஜூஸ் போட்டு ஆமினாவுக்குக் கொடுத்தாள். மனசுக்குள் அவளுக்கு வலித்தது, பொய் சொல்ல வேண்டாம். முழங்காலைவிட வலித்தது.

ஆமினாவுக்குப் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. ஆனால் விரிசல் படங்களைப் பார்த்துப் பார்த்து அது எப்படி விழுகிறது என்று பிடித்துவிட்டாள். பூசியதும் அவசரப்பட்டு ஆறவைத்ததுதான் கோளாறு. இதைப் பத்து வருஷம் முன்னாலேயே கண்டுபிடித்திருக்கலாம், யாராவது பார்த்திருந்தால்.

ஒரு மாதம் கழித்துச் சுற்றறிக்கை வந்தது. 'ஒன்பதாவது கட்டத்தில் தெரியாது, தெரியவில்லை, பார்க்கலாம் முதலிய சொற்களை எழுதும் விண்ணப்பங்கள் ஏற்கப்பட மாட்டா.' கீழே தங்கப்பழத்தின் கையெழுத்து. அதைச் சுவரில் ஒட்டுகிற வேலையும் கோமதிக்கே வந்தது. நான்கு மூலையிலும் பசை தடவி ஒழுங்காகத்தான் ஒட்டினாள்.

அன்று மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம். தங்கப்பழம் தனியாக வந்தார். செருப்பைக் கழற்றினார். டோக்கனுக்குக் கையை நீட்டினார். இதற்குமுன் அவர் டோக்கன் வாங்கியதே இல்லை.

"கோமதி, சின்னக்கண்ணு ஓடுதா?"

"ஓடுது சார்."

சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே பளபளவென்று ஒரு உலோக வில்லை. "சுகந்திக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். வெளிநாட்டு மூட்டு. கூடச் செஞ்ச வில்லை ஒண்ணு கேட்டு வாங்கினேன்."

"சான்று குடுத்திருப்பாங்களே சார்?"

"குடுத்திருக்கான்."

"கைபடாச் சான்றா?"

பேராசிரியர் சீட்டை நீட்டினார். பத்துக் கட்டம் அழகாக நிரப்பியிருந்தது. ஒன்பதாவது மட்டும் காலி.

"எழுதிக் குடுங்க சார். அது இல்லாம நானும் பாக்க மாட்டேன்."

"விரிசல் இருக்கவே கூடாது கோமதி" என்றார் அவர். "அவ ராத்திரி எந்திரிச்சி நடக்க முடியாம... இல்ல. அப்படி எழுதக் கூடாது, என்ன?"

கோமதி பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். பின்னால் சுவரில் பசை காயாத சுற்றறிக்கை இருந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்த்தார், அவளும் பார்த்தாள். முப்பது வருஷம் பாடம் நடத்திய பேராசிரியருக்கு அந்த ஒரு சொல்லை எழுத இரண்டு நிமிடம் ஆயிற்று.

சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, கோமதி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"பம்ப்பு போட்டு ஒரு மணி நேரம் ஆகும் சார். உக்காந்திருங்க."

தங்கப்பழம் வராந்தாவுக்குப் போய், தண்ணீர் கேனுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார்.